கிரிட்டில் ஏறிய நாலேகால் வோல்ட்: தேவனாம்பட்டினத்து ரேடியோகிராம் ஒன்றின் பழுதாய்வு

கடலூர் தேவனாம்பட்டினத்தில், சில்வர் பீச்சுக்குப் போகும் சாலையோரம் ஒரு வீடு. அலைச் சத்தம் திண்ணை வரை கேட்கும். அந்த வீட்டுக் கூடத்தில் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு வால்வு ரேடியோகிராம், அதாவது வானொலியும் இசைத்தட்டுக் கருவியும் சேர்ந்த பெட்டி, நிற்கிறது. வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். பெட்டியை வாங்கியவர் அவருடைய தகப்பனார். தெருவே வந்து உட்கார்ந்து இலங்கை வானொலியைக் கேட்டது இதில்தான் என்று சொல்லும்போது அவருடைய கை தானாக மேல்பலகையைத் தடவிக்கொடுக்கும்.

இரண்டு ஆண்டுகளில் இந்தப் பெட்டியில், ஒலிபெருக்கியை இயக்கும் அவுட்புட் வால்வுகள் மூன்று செத்துப்போயிருந்தன. ஒவ்வொரு முறையும் ஒரு கடையில் வால்வை மாற்றிக் கொடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் சில மாதங்களில் குரல் கரகரத்து, தீய்ந்த வாடை வந்து, அடங்கிவிட்டது. "வால்வுக்கு வயதாகிவிட்டது ஐயா, இனி நல்ல வால்வு கிடைக்காது" என்பதே கடையில் சொன்ன காரணம். மூன்றாவது வால்வும் போன பிறகு, போன ஆண்டு ஐப்பசியில் அவர் என்னைத் தேடி வந்தார்.

பெட்டியைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். ஆகவே சேஸிஸை (பாகங்கள் பொருத்திய உலோகச் சட்டத்தை) மட்டும் கழற்றிப் பழைய போர்வையில் சுற்றி, கடலூரிலிருந்து புதுச்சேரி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு முதலியார்பேட்டையில் இருக்கும் என் வேலை மேசைக்குக் கொண்டுவந்தோம். உடன் வந்தவன் என் அக்கா மகன். பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். புறப்படும்போது பெரியவர் ஒரு சிறு பொட்டலத்தையும் என் கையில் கொடுத்தார். வெளிநாட்டில் இருக்கும் அவர் மகன் வாங்கி அனுப்பியது. உள்ளே எண்ணெயில் ஊறிய காகிதக் கண்டென்சர் (மின்னூட்டத்தைத் தேக்கும் பாகம்) ஒன்று, 0.022 மைக்ரோபாரட், பல ஆண்டுகளுக்கு முன் செய்து பயன்படுத்தாமலே இருந்த சரக்கு. "இதைப் போட்டால் குரல் இன்னும் இனிக்குமாம் தம்பி, போட்டுவிடுங்கள்" என்றார். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

சுற்று

ரேடியோ பகுதியின் வால்வுகளை இங்கே விட்டுவிடுகிறேன். ஒலிப் பகுதி மிக எளிமையானது. வால்வுக்குள் சூடான கேத்தோடிலிருந்து பிளேட் என்ற தகட்டுக்கு மின்னோட்டம் ஓடும்; நடுவே நிற்கும் கிரிட் என்ற வலை அதைக் கட்டுப்படுத்தும். இசைத்தட்டு முள்ளிலிருந்து வரும் ஒலி ஈ.சி.சி. 83 வால்வில் பெருகி, அதன் பிளேட்டிலிருந்து, ஒலியை விட்டு டி.சி.யை (ஒரே திசை மின்சாரத்தை) மட்டும் தடுக்கும் 0.022 மைக்ரோபாரட் கப்ளிங் கண்டென்சர் வழியாக அவுட்புட் வால்வான ஈ.எல். 84-இன் கிரிட்டுக்குப் போகிறது. அந்தக் கிரிட்டிலிருந்து எர்த்துக்கு 470 கிலோ ஓம். ஈ.எல். 84-இன் கேத்தோடில் 135 ஓம் ரெசிஸ்டரும் அதன் குறுக்கே ஒரு எலெக்ட்ரோலிட்டிக் கண்டென்சரும். வீட்டு மின்சாரத்தை டி.சி.யாக நேராக்கிக் கொடுப்பது ஈ.இசட். 80 வால்வு.

ஈ.எல். 84 ஒழுங்காக வேலை செய்ய, அதன் கிரிட் கேத்தோடைவிட 7 வோல்ட்டுக்குச் சற்று மேல் தாழ்ந்திருக்க வேண்டும். கிரிட் சுழியில் நிற்கிறது, கேத்தோடு ரெசிஸ்டரில் ஓடும் மின்னோட்டம் கேத்தோடை 7.2 வோல்ட் உயர்த்துகிறது, அவ்வளவுதான். பிளேட் தாங்கும் வெப்பம் 12 வாட். கேத்தோடு மின்னோட்டத்தின் உச்ச வரம்பு 65 மில்லி ஆம்பியர். இந்த மூன்று எண்களும் தெரிந்தால் இந்தப் பழுதில் பாதி தெரிந்ததுபோல.

முதல் நாள்

வேரியாக்கில் (மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவியில்) மெதுவாக ஏற்றி 230 வோல்ட் கொடுத்தோம். ஐந்து நிமிடம் ஒன்றும் இல்லை. பத்தாவது நிமிடத்தில் மேசை விளக்கை அணைக்கச் சொன்னேன். ஈ.எல். 84-க்குள், ஹீட்டரின் ஆரஞ்சு வெளிச்சத்துக்கு வெளியே, சாம்பல் நிறத் தகட்டின் ஒரு பக்கத்தில் நெல் அளவுக்கு ஒரு சிவப்பு தோன்றியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கட்டைவிரல் நகமளவு பரவியது. ஊதிய அடுப்புக்கரியின் சிவப்பு. உடனே அணைத்தேன்.

அணைப்பதற்கு முன் எடுத்த அளவுகள் இவை. கேத்தோடில் 9.9 வோல்ட். கேத்தோடு ரெசிஸ்டரை ஆறவிட்டு, குறுக்கே இருந்த எலெக்ட்ரோலிட்டிக்கின் ஒரு காலைப் பிரித்து அளந்தபோது 136 ஓம். ஆக அது பழுதில்லை, மின்னோட்டம் 73 மில்லி ஆம்பியர். (இந்த ரெசிஸ்டரை அளக்காமல் மின்னோட்டத்தைக் கணக்கிடக் கூடாது. அது மதிப்பு மாறியிருந்தால் கணக்கு முழுவதும் பொய்.) ஸ்கிரீன் என்ற இரண்டாவது வலைக்குப் போகும் 8 மில்லி ஆம்பியரைக் கழித்தால் பிளேட்டில் 65. பிளேட்டுக்கும் கேத்தோடுக்கும் இடையே 226 வோல்ட். பெருக்கினால் 14.7 வாட். 12 வாட் தாங்கும் தகடு சிவக்காமல் என்ன செய்யும்? வால்வின் மேல் ஒரு குற்றமும் இல்லை.

கிரிட்டில் மீட்டரை வைத்தேன். சுழி காட்ட வேண்டிய இடத்தில் 4.3 வோல்ட், நேர்மின்.

இதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். வால்வுக்குள் காற்றுக் கசிந்து கிரிட்டில் மின்னோட்டம் பாயலாம். அல்லது கப்ளிங் கண்டென்சர் தன் வேலையை மறந்து, முந்தைய வால்வின் பிளேட்டிலிருக்கும் டி.சி.யையும் உள்ளே விடலாம். பிரித்தறிய ஒரே வழி, வால்வைப் பிடுங்கிவிட்டு அளப்பது. பிடுங்கினோம். 4.3 மறையவில்லை, சுமை குறைந்து எல்லா மின்னழுத்தமும் சற்று ஏறியதால் 4.9 ஆனது. ஈ.சி.சி. 83-இன் பிளேட்டில் அப்போது 160 வோல்ட். 160 வோல்ட்டை 470 கிலோ ஓமும் கசியும் கண்டென்சரும் பங்கிட்டுக்கொண்டு 4.9-ஐக் கிரிட்டில் விடுகின்றன என்றால், கண்டென்சரின் கசிவுத் தடை சுமார் 15 மெகா ஓம்.

15 மெகா ஓம் என்பது கேட்பதற்குப் பெரிய எண். இதனால்தான் அந்தக் கடையில் இதைத் தவறவிட்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். கண்டென்சரைக் கழற்றிச் சாதாரண மீட்டரில் மைக்ரோபாரட் பார்த்தால் 0.025 காட்டுகிறது, எழுதியிருப்பதைவிடச் சற்றுக் கூடுதல், ஆகவே நல்லது என்று தோன்றும். ஓம் பார்த்தாலும், மீட்டர் கொடுப்பது சில வோல்ட்தான். நூற்றுக்கணக்கான வோல்ட் ஏறும்போது கசியும் காகிதம் அந்தச் சில வோல்ட்டில் சாதுவாக இருக்கும்.

நான் செய்யும் சோதனைக்குப் பெரிய கருவி வேண்டாம். 250 வோல்ட் டி.சி., அதனுடன் தொடராகக் கண்டென்சர், அதனுடன் தொடராக மீட்டர், வோல்ட் நிலையில். மீட்டரின் உள்தடை 10 மெகா ஓம். கசிவில்லாத கண்டென்சர் நிரம்பியதும் மீட்டர் சுழிக்கு அருகே இறங்க வேண்டும். பெட்டியிலிருந்த கண்டென்சரை வைத்தபோது மீட்டர் 100 வோல்ட்டில் நின்றது, இறங்கவே இல்லை. 250-இல் 100 மீட்டரில், 150 கண்டென்சரில்: மறுபடியும் 15 மெகா ஓம். இரண்டு வழியில் அளந்தும் ஒரே விடை வந்தால் மனம் நிம்மதியாகிறது.

அந்தக் கண்டென்சரை என் மருமகன் கையில் கொடுத்தேன். மெழுகு பூசிய காகிதக் குழல். ஒரு முனையில் மெழுகு விரிசல் விட்டு, கால் கம்பி நுழையும் இடத்தில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. கீழே சேஸிஸில் உருகி விழுந்த மெழுகு, ஒரு துவரம்பருப்பு அளவில். கடல் காற்று நுழைய அந்த விரிசல் போதும். காகிதம் ஈரத்தைக் குடிக்கும். உப்பு கலந்த ஈரம் மின்சாரத்தைக் கடத்தும்.

எதை எங்கே போடுவது

புதிய கப்ளிங் கண்டென்சராக 0.022 மைக்ரோபாரட், 630 வோல்ட், பாலிபுரொப்பிலீன் படலம் போட்டேன். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிவைத்திருந்த சாதாரணச் சரக்கு. அதே சோதனையில் ஒரு நிமிடத்துக்குள் மீட்டர் 0.02 வோல்ட்டுக்குக் கீழே போய்விட்டது.

பெரியவரின் எண்ணெய்க் காகிதக் கண்டென்சரையும் அதே முறையில் வைத்தேன். 6 வோல்ட், அதாவது 400 மெகா ஓம். இன்றைக்கு இதைக் கப்ளிங்கில் போட்டால் கிரிட்டில் 0.2 வோல்ட்டுக்கும் குறைவாகவே ஏறும், வால்வு தாங்கும். ஆனால் அடுப்பருகே வைத்துச் சூடேற்றி, கை பொறுக்காத சூட்டில் மீண்டும் அளந்தபோது 20 வோல்ட் காட்டியது. கசிவு மூன்று மடங்குக்கு மேல். சேஸிஸுக்குள் வால்வின் காலடியில் அந்தச் சூடு தினமும் இருக்கும். அதன் மேல் ஐந்து மழைக்காலம் போகட்டும், என்ன ஆகும்?

இங்கே என் கருத்தைத் திறந்தே சொல்கிறேன். ஒரு கண்டென்சர் இனிக்குமா, துல்லியமா, வெதுவெதுப்பா என்று கேட்பதற்கு முன், அது நிற்கப் போகும் இடத்தில் அதன் இரு முனைகளுக்கும் இடையே எத்தனை வோல்ட் டி.சி. நிற்கிறது என்று கேட்க வேண்டும். கப்ளிங்கில் 160 வோல்ட். அந்த இடத்தில் கசிவு ஒன்றே முதல் கேள்வி. பாலிபுரொப்பிலீன் அதில் சிறந்தது, பாலியெஸ்டரும் போதுமானது. சூடு மிகுந்த மூலையானால் பாலியெஸ்டர் கூடுதல் வெப்பம் தாங்கும். இரண்டின் ஒலியையும் இந்தப் பெட்டியில் என் காதால் பிரித்தறிய முடியவில்லை.

பெரியவரின் கண்டென்சரை என்ன செய்தேன்? டோன் கண்ட்ரோலில், பாஸ் பக்கம், அதே 0.022 மதிப்பில் ஒரு கண்டென்சர் இருந்தது. அதன் இரு பக்கமும் டி.சி. கிடையாது, ஒலி மட்டும்தான் போகும். அங்கே வைத்தேன். அங்கே அது கொஞ்சம் கசிந்தாலும் எந்த வால்வும் சாகாது. ஒலியும் அதன் வழியே போகிறது, மகன் அனுப்பியதும் வீணாகவில்லை. தொலைபேசியில் சொன்னபோது, "அப்படியானால் பாட்டு அதன் வழியாகத்தானே வருகிறது?" என்று இரண்டு முறை கேட்டு உறுதிசெய்துகொண்டார்.

மதிப்பைக் கூட்டலாமா என்ற கேள்வி மருமகனிடமிருந்து வந்தது. "0.022-க்குப் பதில் 0.47 போட்டால் பாஸ் கூடுமே மாமா?" கணக்கு போட்டுப் பார்க்கச் சொன்னேன். 470 கிலோ ஓமுடன் 0.022 சேர்ந்தால் 15 ஹெர்ட்ஸ் வரை ஒலி இறங்கும். இந்தப் பெட்டியின் சிறிய அவுட்புட் ட்ரான்ஸ்பார்மர் 60-க்குக் கீழே பெரிதாக ஒன்றும் தராது. 0.47 போட்டால் 0.7 ஹெர்ட்ஸ். அந்த இடைவெளியில் இசை எதுவும் இல்லை. தட்டு சுழலும் மேசையின் உறுமல்தான் இருக்கிறது. இன்னொன்று, உரத்த ஒரு தாளத்தில் கிரிட் மின்னோட்டம் இழுத்துவிட்டால் கண்டென்சர் அந்த மின்னூட்டத்தை இறக்க நேரம் வேண்டும். 0.022-க்கு அது 10 மில்லி நொடி. 0.47-க்கு 220 மில்லி நொடி. அதற்குள் மிருதங்கத்தின் அடுத்த சொல் வந்து மூச்சடைத்துப் போகும். வடிவமைத்தவர்கள் தெரிந்தேதான் 0.022 போட்டிருக்கிறார்கள்.

கண்டென்சரை மாற்றியும் வேலை முடியவில்லை. கிரிட்டில் இன்னும் 0.3 வோல்ட் நின்றது. புதுக் கண்டென்சரின் கிரிட் பக்கக் காலை அந்தரத்தில் தூக்கினேன்; 0.3 அப்படியே. கண்டென்சரே இணைப்பில் இல்லாதபோது எங்கிருந்து வருகிறது? பூதக்கண்ணாடியில் பார்த்தபோது தெரிந்தது. பாகங்களின் கால்களைப் பற்றவைக்கும் பழுப்பு நிற டேக் பலகையில், எச்.டி. (உயர் மின்னழுத்தம்) நிற்கும் காலுக்கும் கிரிட் காலுக்கும் நடுவே, பழைய ஈயப் பிசினும் தூசியும் உப்பும் சேர்ந்து மங்கலாக ஒரு படலம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பல் துலக்கும் பிரஷ்ஷை நனைத்துத் தேய்த்து, முடி உலர்த்தும் கருவியில் அரை மணி நேரம் உலர்த்திய பிறகு 0.02. பலகையே ஒரு ரெசிஸ்டராக மாறியிருந்தது. கடலோரத்தில் கண்டென்சர் மாற்றுபவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். எத்தனை விலை கொடுத்த கண்டென்சரையும் இந்தப் படலம் தோற்கடித்துவிடும்.

மின்வழங்கல் பகுதியில் வேறொரு தவறு. ஆதியில் 32, 32 மைக்ரோபாரட், 350 வோல்ட் என்று ஒரே அலுமினியக் குழலில் இரண்டு இருந்தன. இரைச்சல் வந்ததும் யாரோ பழையதைப் பிரிக்காமல் அதன் குறுக்கேயே 100 மைக்ரோபாரட் ஒன்றைச் சேர்த்திருந்தார்கள். பழையது கசிந்துகொண்டே இருந்தது. முதல் கண்டென்சராக ஈ.இசட். 80 ஏற்பது அதிகபட்சம் 50 மைக்ரோபாரட். அதற்கு மேல் போனால் ஒவ்வொரு அலை உச்சியிலும் அது இழுக்கும் மின்னோட்டம் வால்வின் கேத்தோடு பூச்சைச் சுரண்டும். சுவிட்ச் போட்டதும் வால்வுக்குள் சிறு மின்னல் தெரிந்ததன் காரணம் இதுதான். எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது என்பது டயோடு போட்ட பெட்டிகளில் பழகிய பழக்கம். வால்வு நேராக்கியிடம் அது செல்லாது.

வோல்ட் அளவு இன்னும் முக்கியம். பெரியவர் தம் பள்ளிக்கூடப் பழக்கத்தில் இரவு நேர மின்னழுத்தத்தை ஒரு நோட்டில் குறித்துவைத்திருந்தார். 248 வரை போகிறது. வரும் மின்னழுத்தத்துக்கு ஏற்ப மாற்றி வைக்கும் ட்ரான்ஸ்பார்மரின் டேப் 220-இல் இருந்தது. அப்படியானால் 6.3 வோல்ட் கிடைக்க வேண்டிய ஹீட்டருக்கு 7.1, ட்ரான்ஸ்பார்மரின் 250 வோல்ட் சுருளில் 282, சுமை இல்லாதபோது அதன் உச்சி 398 வோல்ட். 350 வோல்ட் கண்டென்சர் அங்கே நிற்க முடியாது. டேப்பை 245-க்கு மாற்றியதும் உச்சி 358-க்கு இறங்கியது. போட்டவை: முதலில் 33 மைக்ரோபாரட், அடுத்து 47, இரண்டும் 450 வோல்ட், 105 டிகிரி வகை. முதல் கண்டென்சரில் ஏறி இறங்கும் சிற்றலை மின்னோட்டம், பெட்டி இழுப்பதைப்போல் ஒன்றரை, இரண்டு மடங்கு இருக்கும்; ஆகவே தயாரிப்பாளரின் விவரத் தாளில் அந்த எண்ணையும் பார்த்தே வாங்க வேண்டும். பழைய அலுமினியக் குழலை அழகுக்காக அதே இடத்தில் விட்டுவிட்டேன், ஒரு கம்பியும் அதனுடன் சேரவில்லை.

கேத்தோடு எலெக்ட்ரோலிட்டிக் கேத்தோடு ரெசிஸ்டரின் முதுகில் சாய்ந்துகிடந்தது. எலெக்ட்ரோலிட்டிக்கின் ஆயுள் பத்து டிகிரி சூட்டுக்குப் பாதியாகும் என்பது பழகிய கணக்கு. சுடும் ரெசிஸ்டரில் சாய்த்து வைப்பது அதைக் கொல்ல நல்ல வழி. 12 வோல்ட் என்று அதன் மேல் எழுதியிருந்தது, 9.9 வோல்ட் அதன் மேல் நின்றிருக்கிறது. 100 மைக்ரோபாரட், 35 வோல்ட் வகையை ஒரு விரல் தள்ளி நிறுத்தினேன்.

கம்பத்து மின்சாரத்திலிருந்து சேஸிஸுக்கு 0.01 மைக்ரோபாரட் காகிதக் கண்டென்சர் ஒன்று போயிருந்தது. வீட்டு அம்மா ஈரக் காலுடன் குமிழைத் தொட்டபோது சுள்ளென்றது இதனால்தான். நல்ல நிலையில் இருந்தாலும் 0.7 மில்லி ஆம்பியர் விடும். கசிந்தால் உயிருக்கே ஆபத்து. இந்த இடத்தில் ஒய் 2 வகை மட்டுமே போட வேண்டும், வேறெதுவும் கூடாது. கெட்டாலும் திறந்துபோகுமே தவிரக் குறுக்கே இணைந்துவிடாதபடி செய்யப்பட்ட வகை அது. 2.2 நானோபாரட் போட்டு, மூன்று முனை பிளக்கும் எர்த்தும் வைத்தேன்.

வெள்ளி மைக்கா, சிறிய பீங்கான் கண்டென்சர்கள் எல்லாம் நல்ல நிலையில் இருந்தன. தொடவில்லை.

நான் விட்ட இரண்டு தவறுகள்

ரெசிஸ்டர்களை அளந்தபோது பழைய கார்பன் வகைகள் எல்லாம் மேலே ஏறியிருந்தன. ஈரம் குடித்த கார்பன் அப்படித்தான், மதிப்பு கூடிக்கொண்டே போகும். 20 சதவீதத்துக்கு மேல் போனவற்றை மாற்றினேன். ஈ.சி.சி. 83-இன் பிளேட்டில் இருந்த 100 கிலோ ஓம் 118 காட்டியது. எல்லைக்குள்தானே என்று விட்டுவிட்டேன். புது ஈ.எல். 84-க்கு, பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் செய்த பழைய வால்வு ஒன்று என் அலமாரியில் இருந்தது. அதைப் போட்டு, பெட்டியைக் கொண்டுபோய்ச் சேர்த்தோம்.

மூன்று வாரத்தில், கார்த்திகை மழையில், அழைப்பு வந்தது. பாட்டு நன்றாக வருகிறது, ஆனால் அடியில் சோளம் பொரிவதுபோல் ஒரு சத்தம்.

மீண்டும் மேசைக்கு வந்தது. ஈ.சி.சி. 83-இன் கிரிட்டை எர்த்தில் சேர்த்தேன். பொரிச் சத்தம் நிற்கவில்லை. அதன் பிளேட்டிலிருந்து எர்த்துக்கு 0.1 மைக்ரோபாரட் ஒன்றைத் தொட்டுவைத்தேன், நின்றுவிட்டது. ஆக, சத்தம் பிறப்பது அந்தப் பிளேட்டில். வால்வை மாற்றினேன், மாறவில்லை. மீதி இருப்பது நான் மன்னித்து விட்ட அந்த 118 கிலோ ஓம்.

ரெசிஸ்டர் சத்தத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று வெப்பத்தால் வருவது. 100 கிலோ ஓம் எந்தப் பொருளால் ஆனதானாலும், அறை வெப்பத்தில், 20 கிலோ ஹெர்ட்ஸ் அகலத்தில் சுமார் 5.8 மைக்ரோவோல்ட் தரும். தங்கத்தால் செய்தாலும் குறையாது. இன்னொன்று, டி.சி. ஓடும்போது மட்டும் கிளம்புவது. கார்பன் துகள்களை அழுத்திச் செய்த வகையில் துகளுக்குத் துகள் தாவும் மின்னோட்டம் சீராக இருப்பதில்லை. குறுக்கே நிற்கும் வோல்ட் கூடக் கூட அந்தச் சத்தமும் கூடும். ஈரத்தில் அது பொரியத் தொடங்கும். ஓம் மீட்டர் இதைக் காட்டாது. கண்டென்சருக்கு நான் கேட்ட அதே கேள்வியை, எத்தனை டி.சி. நிற்கிறது என்பதை, இந்த ரெசிஸ்டருக்குக் கேட்கத் தவறிவிட்டேன். இதன் குறுக்கே 80 வோல்ட்டுக்கு மேல் நின்றது. 470 கிலோ ஓம் கிரிட் ரெசிஸ்டரில் டி.சி. ஏதுமில்லை, அங்கே பழைய கார்பன் இருந்தாலும் கேடில்லை. பிளேட்டில் கூடாது. மெட்டல் பிலிம், 100 கிலோ ஓம், 2 வாட் போட்டேன். வெப்பக் கணக்குப்படி பத்தில் ஒரு வாட்கூட வேண்டாம். ஆனால் பெரிய உடம்பு குளிர்ச்சியாக இருக்கும், 500 வோல்ட்டும் தாங்கும்.

அந்த 500 வோல்ட் என்ற எண்ணின் அருமையை அதே நாளில் இன்னொரு விதத்தில் படித்தேன். முதல் முறை வந்தபோது, அணைத்ததும் எச்.டி. கண்டென்சர்கள் இறங்கட்டும் என்று குறுக்கே 1 மெகா ஓம், கால் வாட் கார்பன் பிலிம் ஒன்றைப் போட்டிருந்தேன். 340 வோல்ட்டுக்கு அதில் 0.12 வாட்தான், கால் வாட்டில் பாதி என்று மனக்கணக்கு. வாட் சரி. ஆனால் கால் வாட் ரெசிஸ்டர் பொதுவாக 250 வோல்ட் வரைதான் தாங்கும். வாட் எவ்வளவு குறைந்தாலும் அந்த எல்லை மாறாது. மூன்று வாரத்தில் அது ஓசையில்லாமல் திறந்துபோயிருந்தது. ஈ.எல். 84-ஐப் பிடுங்கி, மின்சாரத்தை அணைத்து, சற்றுப் பொறுத்துக் கையை உள்ளே விட்டேன். முழங்கை வரை இழுத்து உதறியது. பிறகு மீட்டரை வைத்தபோது இன்னும் 200 வோல்ட்டுக்கு மேல் நின்றது. மருமகனின் கை அங்கே போயிருந்தால் என்ற எண்ணம்தான் அன்று இரவு தூக்கத்தைக் கெடுத்தது.

இப்போது அங்கே 100 கிலோ ஓம், 2 வாட் இரண்டு தொடராக நிற்கின்றன. வோல்ட் இருவருக்கும் பாதியாகப் பிரிகிறது. அரை நிமிடத்தில் 50 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிடுகிறது. அப்படியும் இப்போதெல்லாம் மீட்டரை வைத்துப் பார்த்த பிறகே கையை விடுகிறோம்.

கேத்தோடு ரெசிஸ்டரில் ஓடுவது 0.4 வாட், மெட்டல் ஆக்ஸைடு, 3 வாட் போட்டேன். ஈ.எல். 84-இன் கிரிட்டுக்குச் சற்று முன்னால் நிற்கும் 1 கிலோ ஓமின் உடம்பை வால்வின் இரண்டாவது பின்னுக்கு (கிரிட் காலுக்கு) ஒட்டினாற்போல் வைத்தேன். அங்கே கம்பி சுற்றிய ரெசிஸ்டர் போடக் கூடாது, அதன் சுருள் அந்த இடத்துக்கு ஆகாது.

அளவுகள்

டேப் 245-இல், வேரியாக்கில் 248 வோல்ட் கொடுத்து, ஒரு மணி நேரம் ஓடவிட்டு எடுத்தவை: ஹீட்டர் 6.4 வோல்ட். கேத்தோடு 7.1 வோல்ட், மின்னோட்டம் 52 மில்லி ஆம்பியர். பிளேட்டில் 11.2 வாட். கிரிட்டில் 0.02 வோல்ட். விளக்கை அணைத்துப் பார்த்தோம். தகடு சாம்பலாகவே இருந்தது.

இந்த ஆண்டு மழை ஓய்ந்த மார்கழியில் தேவனாம்பட்டினம் போய், கூடத்திலேயே பின்பலகையைக் கழற்றி மறுபடி அளந்தோம். கேத்தோடு 7.2. கிரிட் 0.03. டேக் பலகையில் லேசாக ஈரம் படிந்திருந்தது, துடைத்து, எச்.டி. காலுக்கும் கிரிட் காலுக்கும் நடுவே மெல்லியதாக வார்னிஷ் தடவினேன். டோன் கண்ட்ரோலில் இருந்த எண்ணெய்க் காகிதக் கண்டென்சரைக் கழற்றி மருமகன் தானே சோதனை வைத்தான். 250 வோல்ட்டில் 11 காட்டியது. ஓராண்டுக்கு முன் 6. சூடேற்றாமலே, சும்மா இருந்ததற்கே கசிவு இரண்டு மடங்கை நெருங்குகிறது. எண்ணைப் பெரியவரின் நோட்டில் தேதியுடன் எழுதிக் கொடுத்தான். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு எண்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அது இப்போது இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும் தம்பி" என்றார். திரும்ப அதே இடத்தில் ஈயம் வைத்துப் பலகையை மூடினோம்.